பண்ணைத் தண்ணீர் எப்போது வெளிக்கடல் தண்ணீராகிறது?

பண்ணைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தொழிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள், கடலைப் பற்றிப் படித்தவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து பதில் சொன்னால்தான் எனக்கு இது விளங்கும்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் குருநகரில், பண்ணைக் கடலுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு நண்டு வலை. கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழித் தொடக்கத்தில் ஒரு நாள் விடிய வந்து, "வெளித்தண்ணி உள்ளுக்கு வந்திட்டுது" என்பார். நிறம் மாறியிருக்கும், கரிப்புக் குறைந்திருக்கும், வலையில் ஏறுகிற மீனும் வேறாக இருக்கும். அதே அப்பா சித்திரையில் "தண்ணி செத்துப்போச்சு" என்பார். முழங்கால் தண்ணீர் சுடும். கரையில் சாதாளை (கடலில் அறுந்து மிதக்கும் புல்) ஒதுங்கி அழுகும். வலையில் பட்ட நண்டு கரைக்கு வர முன்னமே செத்திருக்கும்.

போன பறுவத்துக்கு (பௌர்ணமிக்கு) ஒரு சின்ன வேலை செய்து பார்த்தேன். மூன்று தேங்காய்ப் பொச்சை ஓர் இரவு ஊறவைத்து, சிவப்புப் பெயின்ற் அடித்து, பண்ணைப் பாலத்தில் நின்று வற்றுக்கு, அதாவது கடல் இறங்கும்போது, விட்டேன். பாலக் கண்ணுக்குள்ளால் (பாலத்துக்கு அடியில் நீர் ஓடும் வாசல்) இழுத்த இழுப்பில் கொஞ்ச நேரத்திலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டன. ஆறரை மணித்தியாலம் கழித்துப் பெருக்கோடு (கடல் ஏறும்போது) இரண்டு திரும்பி வந்தன. ஒன்று நான் விட்ட அதே கண்ணுக்குள்ளாலேயே வந்தது.

என் கேள்வி இதுதான். நாளுக்கு இரண்டு தரம் போய் வருவது அதே தண்ணீர் என்றால், வெளித்தண்ணீர் உள்ளே வருவது எப்படி? ஆழ்கடல் தண்ணீர் எங்கள் இடுப்பளவுக் கடலுக்கு எந்த வழியால் ஏறுகிறது?

குறிகாட்டுவான்

தம்பி, நல்ல கேள்வி. 40 வருடத்துக்கு மேல் தொழில் செய்தவன் நான். காற்றை வைத்துத்தான் நாங்கள் தண்ணீரைக் கணக்குப் பார்த்தோம்.

வாடை (வடகிழக்குக் காற்று) பிறந்தால் பருத்தித்துறைப் பக்கத்துத் தண்ணீர் பாக்குநீரிணைக்குள் நுழைந்து, நெடுந்தீவைத் தாண்டித் தெற்கே இறங்கும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் உள்ள மணல் திட்டிகளுக்கு நடுவால் மன்னார்க் குடாவுக்குப் போகும். சோளகமும் கச்சானும் (தெற்கு, தென்மேற்குக் காற்றுகள்) அடிக்கும் மாதங்களில் எல்லாம் தலைகீழ். இரண்டுக்கும் இடையில், பங்குனி சித்திரையில் காற்று விழுந்துவிடும், தண்ணீர் நின்றுவிடும். உங்கள் அப்பா செத்த தண்ணீர் என்று சொல்வது அதைத்தான்.

வலைக்கு ஊன்றிய தடியை விடிய ஒருக்கால் பாருங்கள். சாதாளை தடியின் எந்தப் பக்கத்தில் கனமாகச் சுற்றியிருக்கிறது என்று பார்த்தாலே, இரவு முழுக்க நீர் எங்கிருந்து எங்கே இழுத்தது என்று தெரிந்துவிடும். வற்றும் பெருக்கும் முன்னும் பின்னும் ஆடும். ஆனால் ஆட்டம் சரி பாதி இல்லை. ஒரு பக்கம் கொஞ்சம் கூட இழுக்கும். அந்தக் கூடுதல்தான் தண்ணீரை மாற்றுவது.

நீர்மட்டம்

ஐயா சொன்ன அந்தக் "கூடுதல்" என்ற சொல்லை விட நல்ல சொல்லை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் காணவில்லை. கடலியலில் எச்ச ஓட்டம் என்போம். வற்றுப்பெருக்கின் ஆட்டத்தைக் கழித்தால் மிஞ்சுவது. கரைக்கடலின் தண்ணீர் மாறுவது பெரும்பாலும் இந்த மிச்சத்தால்தான்.

முதலில் எங்கள் கடலின் அமைப்பு. பாக்குநீரிணையும் பாக்குக் குடாவும் கண்டமேடையின் மேல், அதாவது நிலத்தை ஒட்டிய ஆழமில்லாத கடலடித் தட்டின் மேல், கிடக்கின்றன. பெரும்பகுதி 15 மீட்டருக்கு உள்ளே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதை விட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது நெடுந்தீவும் இராமேசுவரமும் ஒரே தரை. நாங்கள் வலை போடுவது முழுகிப்போன வெளியில் என்று சொல்லலாம். கிழக்கே போகப் போக மேடை முடிந்து தரை சரிகிறது, பிறகு வங்காள விரிகுடாவின் ஆழம். தெற்கே திட்டிகளைத் தாண்டினால் மன்னார்க் குடா 1,000 மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆழமில்லாத ஒரு தட்டுக்கு இரண்டு பக்கமும் ஆழ்கடல்.

இப்போது தம்பியின் கேள்வி. ஆழ்கடல் தண்ணீருக்கு மேடையில் ஏற விருப்பமே இல்லை. பூமி சுழல்வதால் பெரிய நீரோட்டங்கள் ஆழம் மாறாத கோட்டைப் பிடித்துக்கொண்டு, சரிவின் ஓரமாகவே ஓடப் பார்க்கும். 1923இல் ஜி. ஐ. டெயிலர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் சுழலும் தொட்டி ஒன்றில் இதன் அடிப்படையைக் காட்டினார். அடியில் ஒரு சின்ன உருளையை மெல்ல நகர்த்தினார். அதன் தலைக்கு மேல் நின்ற தண்ணீரும் ஒரு தூண் போலச் சேர்ந்து நகர்ந்தது. கடலிலும் அப்படித்தான். 500 மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் ஒன்று 50 மீட்டர் மேடையில் ஏற வேண்டுமானால் நசுங்க வேண்டும், நசுங்கினால் சுழற்சி மாற வேண்டும். யாராவது உதைத்துத் தள்ளாமல் அது நடக்காது.

உதைப்பவை பல. காற்று ஒன்று. கடலடி உராய்வு ஒன்று. திருகோணமலையில் உள்ளது போல மேடையை வெட்டிக்கொண்டு துறைமுக வாசல் வரை வரும் ஆழ்பள்ளம் ஒன்று. இவற்றோடு, நீரோட்டத்தின் விளிம்பில் முறுகிப் பிரியும் சுழிகள். சுழியின் ஒரு கை வெளித்தண்ணீரை மேடைக்குத் தள்ளும், மறு கை மேடைத் தண்ணீரை நாக்கு மாதிரி வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஒரே நாளில் ஒரே வழியால் நடக்கிற காரியம் இல்லை இது. இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாக, விட்டு விட்டு நடக்கும்.

மணற்காடு

நாங்கள் வடமராட்சி கிழக்கு. எங்கள் கடல் உங்கள் கடல் மாதிரி இல்லை, நேரே வங்காள விரிகுடாவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. மார்கழியில் நீர் இழுக்கும்போது இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஜிபிஎஸ்ஸைப் பார்த்தால் படகு தன்பாட்டில் தெற்கே போய்க்கொண்டிருக்கும். வலை விட்ட இடம் ஒன்று, எடுக்கிற இடம் வேறொன்று.

அந்த மாதங்களில் கரையில் ஒதுங்குகிற சாமான்களைப் பார்த்தாலே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மூங்கில் தெப்பங்கள் வரும். எங்கள் ஊர் மூங்கில் இல்லை, கையால் சுற்ற முடியாத தடிப்பு, கட்டியிருக்கும் விதமும் எங்களுடையது இல்லை. 2022 மார்கழியில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியா மக்களோடு ஒரு படகு வெற்றிலைக்கேணிக்கு அப்பால் தத்தளித்ததும், கடற்படை அவர்களைக் கரை சேர்த்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இயந்திரம் நின்ற படகை அந்தக் காலத்துக் காற்றும் நீரும் எங்கள் பக்கம்தான் கொண்டுவரும். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு வாடை நீரோட்டம் என்றால் எனக்கு வேறு மாதிரி.

நீர்மட்டம்

மணற்காடு அண்ணை, நீங்கள் சொல்வதைப் படித்துவிட்டு எழுதக் கொஞ்ச நேரம் எடுத்தது.

படகு தெற்கே போனது கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டத்தால். ஐப்பசி, கார்த்திகையில் இது இந்தியாவின் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே இறங்கத் தொடங்கும். செக்கனுக்கு 1 மீட்டரை எட்டும் நாட்களும் உண்டு, அதாவது ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டருக்கு மேல். கங்கை, பிரமபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் மழைக்காலத்தில் கொட்டிய நன்னீர் இதில் கலந்து வருகிறது. சாதாரண கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால் இதில் 33, சில வேளை அதற்கும் குறைவு. பெரும்பகுதி இலங்கையின் கிழக்குக் கரையோரமாகப் போய், தெற்கைச் சுற்றி அரபிக்கடல் பக்கம் போய்விடும். ஒரு கிளை மட்டும் பாக்குநீரிணை வாசலால் உள்ளே வரும். குருநகரில் கரிப்புக் குறைவதற்கு எங்கள் ஊர் மழையும் காரணம், இந்தத் தண்ணீரும் காரணம். இரண்டும் ஒரே மாதத்தில் வருவதால் நாக்கால் பிரித்தறிய முடியாது.

சோளகக் காலத்தில் இதற்கு எதிர். அரபிக்கடலின் உப்புக் கூடிய தண்ணீர் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால் கிழக்கே ஓடி விரிகுடாவுக்குள் திரும்பும். அப்போது இலங்கைக்குக் கிழக்கே ஒரு பெரிய இடஞ்சுழி (கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் சுழி) உண்டாகி, அடியில் உள்ள குளிர்ந்த, சத்துள்ள தண்ணீரை மேலே தூக்கும். 1998இல் வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றில் அதை இலங்கைக் குவிமாடம் என்று விவரித்தார்கள். தெற்குக் கரையில் சோளகத்தோடு மீன் படுவதற்கும் இப்படி அடித்தண்ணீர் மேலே வருவதுதான் பெரிய காரணம்.

கொக்குவில் மாணவி

அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். காற்று அடித்தால் மேற்பரப்புத் தண்ணீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்பக்கமாக 90 பாகையில் நகரும் என்று சுவீடன் கடலியலாளர் எக்மான் 1905இல் காட்டியதாகப் படித்தோம். அப்படியானால் வாடைக்குத் தண்ணீர் தென்மேற்கே போகாது, வடமேற்கே அல்லவா போக வேண்டும்? குறிகாட்டுவான் ஐயா சொல்வது பாடத்தோடு ஒத்து வரவில்லையே?

குறிகாட்டுவான்

பிள்ளை, புத்தகத்தில் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் வாடைக்குத் தண்ணீர் தென்மேற்கேதான் போகும். என் வலையை அது எத்தனை தரம் அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

நீர்மட்டம்

இரண்டு பேரும் சரி. இது எனக்கு மிகவும் பிடித்த இடம், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நோர்வே ஆய்வுப் பயணி நான்சன் 1893 முதல் 1896 வரை பிராம் என்ற கப்பலை வடதுருவப் பனியில் உறையவிட்டு மிதந்து போனார். பனி, காற்றடிக்கும் நேர்த் திசையில் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் கண்டார். எக்மான் அதற்குக் கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு, கடல் ஆழமாக இருக்க வேண்டும். மேல் அடுக்குக் கீழ் அடுக்கை இழுக்க, அது அதற்குக் கீழ் உள்ளதை இழுக்க, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திரும்பத் திரும்பத்தான் 90 பாகை சேரும். எங்கள் அகலாங்கில், நல்ல காற்றுக்கு, இது முழுதாக நடக்கக் கணக்குப்படி 100 மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். பாக்குக் குடாவில் இருப்பது 10 மீட்டர். திரும்பத் தொடங்க முன்னமே தரை தட்டிவிடுகிறது. அதனால் இங்கே தண்ணீர் ஏறக்குறையக் காற்றோடுதான் போகும்.

இன்னொன்று. பூமிச் சுழற்சியின் பிடி துருவத்தில் முழுதாக இருக்கிறது என்றால், யாழ்ப்பாணத்தின் 9.7 பாகையில் அது ஆறில் ஒரு பங்குதான். ஆழ்கடல் தண்ணீர் மேடையில் ஏற விருப்பமில்லாமல் நிற்கும் என்று சொன்னேனே, அந்தப் பிடிவாதமும் எங்கள் பக்கத்தில் இளகித்தான் இருக்கும். காற்றின் சொல் கூட எடுபடும். காற்றை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் பார்த்த ஐயாவின் முறை இந்தக் கடலுக்குச் சரியான முறை. மணற்காடு அண்ணையின் பக்கம் ஆழத்துக்குப் போனால் எக்மான் வேலை செய்யத் தொடங்குவார். வாடைக்குத் தண்ணீர் கரைப்பக்கம் சாய்ந்து குவியும். மார்கழியில் கிழக்குக் கரையில் கடல்மட்டம் உயர்ந்து நிற்க அதுவும் ஒரு காரணம்.

பண்ணைக்காற்று

நன்றி அக்கா, நன்றி ஐயா. ஆனால் என் பொச்சு திரும்பி வந்ததே? காற்றில்லாத நாளில் பண்ணைத் தண்ணீருக்கு என்ன வழி?

நீர்மட்டம்

அடுப்பு ஊதுகுழலை நினைத்துப் பாருங்கள். ஊதினால் காற்று ஒரே கோடாகப் போய்த் தணலில் படும். அதே குழலால் உறிஞ்சினால் தணலுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் காற்று குழல் வாயைச் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் வரும்.

பாலக் கண்ணும் அப்படித்தான். வற்றில் தண்ணீர் பீச்சிக்கொண்டு தூரம் போகிறது. பெருக்கில் வாசலைச் சுற்றி நிற்கும் தண்ணீர் எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே வருகிறது. போன தண்ணீரில் ஒரு பங்கு தூரத்திலேயே தங்கிவிடுகிறது, அதற்குப் பதில் வேறு தண்ணீர் வருகிறது. உங்கள் மூன்றில் இரண்டு திரும்பியது என்கிறீர்கள். திரும்பாத மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். எங்கள் ஏற்றவற்றம் அரை மீட்டரைச் சுற்றித்தான். 10 மீட்டர் ஆழக் குடாவில் அது ஒரு தடவைக்கு இருபதில் ஒரு பங்கு, அதிலும் பெரும்பகுதி பழைய தண்ணீர். ஆழம் குறைந்த பரவைக்கடலில் (நிலம் சூழ்ந்த களப்பில்) பங்கு கூட. ஆனால் அங்கே வாசல் எவ்வளவு அகலம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குறிகாட்டுவான்

வாசல் என்று சொன்னதால் கேட்கிறேன். இந்தத் தாம்போதிகள் (கடலுக்குக் குறுக்கே கட்டிய தெருக்கள்) எல்லாம் வர முன்னர் தண்ணீர் எவ்வளவு அகலத்தில் ஓடியது என்று என் அப்பு சொல்லக் கேட்டிருக்கிறேன். பண்ணையில் தெரு, பொன்னாலையில் தெரு, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையில் தெரு. ஆனையிறவில் வீதியும் தண்டவாளமும் குறுக்கே போன பிறகு மேற்குத் தண்ணீரும் கிழக்குத் தண்ணீரும் முன்போல் கலப்பதில்லை. கல்லையும் மண்ணையும் கொட்டிவிட்டுச் சின்னச் சின்னக் கண் வைத்தால் கடல் எப்படி மூச்சு விடும்?

மடத்துவெளி

ஐயா, மன்னிக்க வேண்டும், இதை நான் சொல்லியே ஆக வேண்டும். நான் புங்குடுதீவு. வேலணைக்கும் எங்களுக்கும் இடையில் உள்ள வாணர் தாம்போதி இல்லாத காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கு நோக்கண்டவளை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போன கதையை என் அம்மம்மா சொல்லிச் சொல்லி அழுவார். அந்தத் தெருவை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கண்கள் தூர்ந்து கிடக்கின்றன என்பது உண்மை. எங்கள் பக்கத்தில் ஒரு கண்ணில் சாதாளையும் பழைய வலைத் துண்டும் பிளாஸ்ரிக் போத்தலும் அடைந்து, ஒரு முழம் உயரத்துக்குச் சேறு. அதன் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் பார்த்தேன். ஒரு பக்கம் தெளிந்த தண்ணீர், அடியில் கடற்புல் ஆடுகிறது, சின்ன ஓராக் குஞ்சுகள். மறுபக்கம் தேத்தண்ணி நிறம், கால் வைத்தால் கறுப்புச் சேறு, அழுகல் மணம். நடுவில் தெருவின் அகலம் மட்டும்தான். பொறுப்பானவர்களிடம் கடிதம் கொடுத்தோம், இரண்டு வருடமாகப் பதில் இல்லை. தெருவை உடைக்கச் சொல்லவில்லை. கண்ணைத் துப்புரவாக்குங்கள், திருத்தும்போது அகலமாக வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

குறிகாட்டுவான்

பிள்ளை, நீங்கள் சொல்வது சரி. தெரு வேண்டாம் என்ற கருத்தில் நான் எழுதவில்லை. கண்ணைத் திறந்து வைக்க வேண்டும், அதுதான் என் கதையும்.

மணற்காடு

நண்டுக்காரர் நீங்கள் என்பதால் ஒன்று கேட்கிறேன் தம்பி. முட்டை நண்டு பட்டால் அப்பா என்ன செய்வார்?

பண்ணைக்காற்று

முன்பு எடுத்துக்கொண்டு வருவார். இப்போது விடுகிறார், எல்லா நாளும் என்று சொல்ல மாட்டேன். விலை நல்லாயிருக்கும் நாளில் கை நடுங்கும்.

நீர்மட்டம்

அந்த நண்டுக்கும் இந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நீலக்கால் நண்டு முட்டை பொரிக்க உப்புக் கூடிய, ஆழம் கூடிய தண்ணீருக்கு வெளியே போகும். குஞ்சு பிறக்கும்போது நண்டு உருவமே இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத மிதவை உயிராக இரண்டு மூன்று கிழமை தண்ணீரோடு அலையும், நாலைந்து தரம் சட்டை கழற்றும். நீந்திக் கரை சேரும் வலு அதற்கு இல்லை. வெளித்தண்ணீர் உள்ளே வந்தால்தான் அது உள்ளே வரும். வாசல் அடைந்திருந்தால், உங்கள் அப்பா விட்ட நண்டின் பிள்ளைகள் வெளியிலேயே நின்றுவிடும்.

கொக்குவில் மாணவி

நல்லது வருகிற வழியால் கெட்டதும் வருமே அக்கா. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது சுமார் 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அதில் இருந்தன. பிறகு 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியது. அடுத்த மாதமே மன்னார்க் கரையில் வெள்ளை மணிகள் ஒதுங்கின. அங்கே ஒரு பள்ளிக்கூடப் பயணத்தில் மணலை அள்ளிப் பார்த்தேன், ஒரு சிறங்கையில் பதினேழு எண்ணினேன். பார்க்கச் சவ்வரிசி மாதிரி. மீனுக்கும் அப்படித்தானே தெரியும்?

நீர்மட்டம்

ஓம் தங்கச்சி, அதே வழிதான். இந்த வழிகளை எங்கள் கடலில் அளப்பவர்கள் குறைவு என்பதுதான் என் பெரிய கவலை. உலகக் கடலெங்கும் மிதக்கும் ஆர்கோ கருவிகள் 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறுபவை, 10 மீட்டர்க் கடலில் அவற்றுக்கு வேலை இல்லை. கடல்மட்டம் பார்க்கும் செய்மதிகளுக்குக் கரை கிட்ட வரப் பார்வை மங்கும். ஐயாவின் தடியில் சுற்றிய சாதாளை, அண்ணையின் ஜிபிஎஸ், தம்பியின் பொச்சு, இவையெல்லாம் எனக்கு உண்மையான அளவீடு. திகதியும் நேரமும் காற்றின் திசையும் எழுதி வையுங்கள். ஒரு கொப்பி போதும்.

பண்ணைக்காற்று

ஒரு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். அமாவாசைக்கு அடுத்த நாள் ஆறு பொச்சு விட்டேன். இந்த முறை ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதினேன். காலை 6.20, நல்ல வாடை, வற்றுத் தொடங்கி ஒரு மணித்தியாலம். பெருக்கோடு திரும்பியது ஒன்றுதான், நாலாம் இலக்கம். இரண்டாம் இலக்கத்தை அடுத்த நாள் மண்டைதீவுப் பக்கம் சிறகு வலையில் எடுத்ததாக அப்பாவின் கூட்டாளி கொண்டுவந்து தந்தார். மற்ற நாலும் இன்னும் இல்லை.

மடத்துவெளி அக்கா, உங்கள் கரையில் சிவப்புப் பொச்சு கண்டால் இலக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு.

மடத்துவெளி

நாளை விடிய நடந்து பார்க்கிறேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.